உருக்கு மட்டும் ஒரு நாட்டை வல்லரசு ஆக்கிடுமா?

அஸ்தம்பட்டி வாசகர்:
ஞாயித்துக்கிழமை நம்ம சேலம் வாசிப்பு வட்டத்துல வல்லரசுகள் பத்திப் பேசணும்ங்க. ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். 1870-ல் உருக்கில் பிரிட்டனுக்குத்தான் முதலிடம். 1913-ல் ஜெர்மனி சுமார் 1.7 கோடி டன். பிரிட்டன் 80 லட்சம்கூடத் தொடல. இது எப்படி? கஞ்சமலையில இவ்வளவு தாது இருந்தும் நம்ம பக்கம் ஏன் நடக்கல?

சூரமங்கலம் உலைக்காரர்:
தாது இருந்தா மட்டும் போதாதுங்க. 1871-ல் பிரான்சோட லொரைன் பிரதேசத்துல ஒரு பகுதி ஜெர்மனி கைக்கு வந்தது. அங்க தாது ஏராளம், ஆனா பாஸ்பரஸ் கலந்தது. பாஸ்பரஸ் மிஞ்சினா உருக்கு குளிர்ல நொறுங்கும். அதை எடுக்கச் சுண்ணாம்பு போடணும். இரும்பை உருக்கா மாத்துற பெஸ்ஸமர் கன்வெர்ட்டர்ங்கிற உலையோட லைனிங், அதாவது உள்பூச்சு, சிலிக்கா, அமிலத் தன்மை உள்ளது. சுண்ணாம்பு அதையே அரிச்சுடும். 1870-களின் கடைசியில தாமஸும் கில்கிறிஸ்டும் டோலமைட்ங்கிற கல்லைச் சுட்டு அதால காரத் தன்மையுள்ள லைனிங் கொடுத்தாங்க. பாஸ்பரஸ் கசடோட வெளியேறிச்சு, அந்தக் கசடு வயலுக்கு உரமாவும் போச்சு. கண்டுபிடிச்சவங்க பிரிட்டன்காரங்க, பெரும்பலன் ஜெர்மனிக்கு. ஏற்காடு அடிவாரத்துல வெட்டுற வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், சுட்டு உலைச் செங்கல்லாகிறதும் இதே வேலைக்குத்தான்.

ஜெர்மனிக்கு அதோட ரூர் பகுதி நிலக்கரி இருந்தது. 1879-ல் இறக்குமதி வரி போட்டு ஆலைகளைக் காத்த அரசும் இருந்தது. கஞ்சமலைப் பக்கம் நிலக்கரி கிடையாது. 1830-கள்ல ஹீத்ங்கிற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில வச்ச ஆலை சேலம் தாதுவை மரக்கரியில உருக்கினது. காட்டை நம்பின உலை எத்தனை நாள் தாங்கும்? நம்ம தொழிலைக் காக்க நமக்குன்னு ஒரு அரசும் அப்ப இல்லை.

ஏற்காடு வரலாற்று மாணவி:
அண்ணா சொன்னது சரிதான், ஆனா உருக்குக் கணக்கோட நிறுத்திடாதீங்க. 1980-களின் பிற்பகுதியில சோவியத் யூனியன் ஆண்டுக்கு 16 கோடி டன் அளவுக்கு உருக்கு காய்ச்சினது, அமெரிக்காவை விட ரொம்ப அதிகம். 1991-ல் அந்த நாடே இல்லை.

கடன் வாங்கும் திறனைப் பாருங்க. 18-ஆம் நூற்றாண்டுல பிரான்சோட மக்கள்தொகை பிரிட்டனைப் போல இரண்டு மடங்குக்கு மேல. ஆனா பிரிட்டனுக்கு 1694-லயே இங்கிலாந்து வங்கி இருந்தது, வரிப்பணத்துக்கு நாடாளுமன்றம் பொறுப்பேத்துச்சு. அதனால குறைஞ்ச வட்டியில போருக்குப் பணம் கிடைச்சது. பிரான்ஸ் 1788-ல் கடனைக் கட்ட முடியாம நின்னது, அடுத்த வருசமே புரட்சி.

அஸ்தம்பட்டி வாசகர்:
ரொம்ப நன்றிங்க. ஐநா பாதுகாப்பு சபையில வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தடுக்குற அதிகாரம், உள்ள ஐந்து நாடுகளைத்தான் வல்லரசுன்னு எடுத்துக்கலாமா?

ஏற்காடு வரலாற்று மாணவி:
கூடாதுங்க. அது 1945-ல் ஜெயிச்சவங்க பட்டியல். 1971 வரைக்கும் சீனாவோட இடத்துல உட்கார்ந்திருந்தது தைவான் அரசு. 1956-ல் பிரிட்டன்கிட்ட வீட்டோவும் அணுகுண்டும் இருந்தது. எகிப்தோட சூயஸ் கால்வாய்ப் பகுதியில நவம்பர் 5 பிரிட்டன் படை இறங்கினது. பவுண்டு சரிய, அமெரிக்கா கைகொடுக்க மறுக்க, 6-ஆம் தேதி நள்ளிரவே போர்நிறுத்தம். படையை விலக்க ஒத்துக்கிட்ட பிறகுதான் டிசம்பர்ல ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கடன் கிடைச்சது. இந்தத் தேதிகளைப் பலகையில வரிசையா எழுதிட்டுப் பேச ஆரம்பிங்க.