எங்கள் மேய்க்காலில் மலக்கசடு நிலையம் வருகிறதாம், எதிர்ப்பதா வேண்டாமா?

ஏரிக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலாற்றுப் பக்கம் எங்கள் ஊர். பக்கத்து நகராட்சி 7 கிலோமீட்டர். போன மாதம் சர்வேயர் ஒருவர் இரண்டு ஆட்களோடு வந்து மேய்க்காலில் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்திருக்கிறார். ஆடு ஓட்டிப்போன எங்கள் பெரியப்பாதான் முதலில் பார்த்தார். என்ன சார் என்று கேட்டதற்கு "பூங்கா வருது பெரியவரே" என்றாராம். அப்புறம் வார்டு மெம்பர் வாயைக் கிளறியதில் விஷயம் வெளியே வந்தது. நகராட்சி வீடுகளின் செப்டிக் டேங்கிலிருந்து லாரி உறிஞ்சிக்கொண்டு வரும் கசடை இங்கே கொட்டிச் சுத்திகரிக்கப் போகிறார்களாம். 3 ஏக்கர். நல்ல வேளையாக ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளித்தான் இடம், காலனிக்குப் பக்கம் 300 மீட்டர் இருக்கும்.

ஊர் கொதித்துக் கிடக்கிறது. "பூங்கா" என்று சொன்னதுதான் பாதிக் கோபம். மீதிப் பாதி பழைய கணக்கு. எங்கள் பக்கத்தில் "சுத்திகரிப்பு நிலையம்" என்ற பேரே ஆகாது. தோல் தொழிற்சாலைத் தண்ணீரில் கிணறு கிணறாகக் கெட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்தது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுக் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்தார்கள். அதுவும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டிதான். இதையெல்லாம் பார்த்த ஜனங்களிடம் "நவீன தொழில்நுட்பம், நாற்றமே வராது" என்று ஒரு நோட்டீஸை நீட்டினால் யார் நம்புவார்கள்?

இளைஞர்கள் சாலை மறியல் என்கிறார்கள். தலைவர் பிடிகொடுக்காமல் பேசுகிறார். எனக்கு ஒரு குழப்பம் இருக்கிறது, ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள், அதனால் இங்கே சொல்கிறேன். எங்கேயாவது ஒரு இடத்தில் இதைக் கட்டித்தானே ஆக வேண்டும்? இந்த மாதிரி நிலையம் பக்கத்தில் வாழ்கிறவர்கள், இதில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

---

கரிசல்_குமார்:

விடாதீங்க. எங்க ஊர்ல "உரக்கிடங்கு, அஞ்சே வருஷம், அப்புறம் மரம் நட்டுக் கொடுத்துடுவோம்"னு சொன்னாங்க. பதினாலு வருஷமா குப்பை எரியுது. முதல் லாரி உள்ளே வர்ற வரைக்கும்தான் உங்க பேச்சு எடுபடும்.

---

கல்வாழை:

இரண்டு மலக்கசடு நிலையங்களில் மொத்தம் ஆறு வருடம் மேற்பார்வைப் பொறியாளராக இருந்தேன். கரிசல் சொல்வதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், ஆனால் குப்பைக் கிடங்கு வேறு, இது வேறு.

தோல் கழிவோடும் இதைக் குழப்ப வேண்டாம். தோலில் வருவது உப்பும் குரோமியமும். அந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் எடுக்கவே முடியாது, உங்கள் கிணறுகள் கெட்டது அதனால்தான். வீட்டுக் கசடில் வருவது கிருமி, புழு முட்டை, நைட்ரஜன். ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. சரியாக நடத்தினால் அடக்கிவிடக்கூடிய ஆபத்து.

உள்ளே என்ன நடக்கும் என்றால், லாரி வந்து கம்பிச் சல்லடை வழியாகக் கொட்டும். சல்லடையில் நாப்கின், பால் கவர், ஷாம்பு பாக்கெட், சிலசமயம் செல்போன்கூடத் தங்கும். மிச்சம் மணலும் ஜல்லியும் பரப்பிய படுகையில் ஒரு சாண் உயரத்துக்குப் போகும். கசடில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது வடிந்து கீழே போக, மேலே இருப்பது வெயிலில் காய்ந்து களிமண் மாதிரி வெடிப்பு விடும். நல்ல வெயில் இருந்தால் 10, 15 நாளில் மண்வெட்டியால் செதுக்கி எடுத்துவிடலாம். வடிந்த தண்ணீர் கல்வாழையும் நாணலும் நட்ட ஜல்லிப் பாத்தி வழியாகப் போய்க் குளத்தில் விழும் (என் பேருக்குக் காரணம் இதுதான்). படுகையில் ஒரு வாரம் கை வைக்காமல் விட்டுப் பாருங்கள், தக்காளிச் செடி தளதளவென்று முளைத்து நிற்கும். நாம் தின்ற தக்காளியின் விதை எல்லா இடத்தையும் கடந்து வந்து முளைக்கிறது. முதல் தடவை பார்த்தபோது சிரித்துவிட்டேன். தக்காளி விதைக்கே சாவில்லை என்றால் குடலில் வாழும் வட்டப்புழுவின் முட்டைக்கு மட்டும் இருக்குமா? காய்ந்த கசடிலும் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் காய்ந்ததும் உரம் என்று மூட்டை கட்டித் தரக் கூடாது. குப்பையோடு சேர்த்துச் சூடேற மக்க வைக்க வேண்டும், இல்லை பல மாதம் மூடி வைக்க வேண்டும்.

நாற்றம் இருக்கிறது. வராது என்று எவன் சொன்னாலும் பொய். லாரி கொட்டும் அரைமணி நேரம் மோசமாக இருக்கும், அப்புறம் அடங்கும். அடங்காத நாற்றம் எப்போது வரும் தெரியுமா? நாளைக்கு நான்கு லாரிக்குக் கட்டிய இடத்தில் ஒன்பது லாரியை விடும்போது. இன்னொன்று ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். படுகைக்கு மேல் ஒளி புகும் கூரை போடவில்லை என்றால் ஈரம் காயவே காயாது. தொட்டி நிரம்பும், யாரோ ஒரு வால்வை ராத்திரியில் திறந்துவிடுவார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அதுவும் நடந்தது. அது ஓடைக்குப் போனது.

முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கருங்குழியில் ஒன்று இருக்கிறது, தமிழ்நாட்டில் முதலில் வந்தவற்றில் அதுவும் சேர்த்தி. கொஞ்சம் தூரம் என்றால் பெங்களூர் விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளி. 2015இல் ஆரம்பித்தது, நாளுக்கு 6,000 லிட்டர் கொள்ளும் சின்ன நிலையம். அதிகாரிகள் கூட்டிப்போகும் சுற்றுலாவில் போகாதீர்கள். சொல்லாமல் போங்கள், மழைக்கு மறுநாள் போங்கள், உள்ளே நுழையும் முன் பக்கத்து வயல்காரரிடம் பேசுங்கள்.

---

டேங்கர்_மாமா:

மூணு லாரி வச்சிருக்கேன். செப்டிக் டேங்க் லாரிதான். எங்களை யாரும் கேட்க மாட்டீங்க, நானே சொல்றேன்.

தம்பி, உங்க நகராட்சில இப்ப எடுக்கிற லோடெல்லாம் எங்க போகுதுன்னு நினைக்கிறீங்க? ராத்திரி பதினொரு மணிக்கு மேல கிளம்பி, ஆள் இல்லாத ஓடை, பாழுங்கிணறு, ஏரிக் கால்வாய்னு பார்த்து ஹோஸைப் போட்டு அஞ்சு நிமிஷத்துல திறந்துவிட்டு வந்துடுவோம். மறைக்க என்ன இருக்கு. ஒரு லோடு அஞ்சாயிரம் லிட்டர். தென்னைக்கும் வாழைக்கும் வேணும்னு தோட்டக்காரங்களே போன் பண்ணிக் கேப்பாங்க, காசும் கொடுப்பாங்க. வாழை என்னமா வரும் தெரியுமா! பத்து வருஷமா உரிமம் எடு, ஜிபிஎஸ் மாட்டு, கண்ட இடத்துல கொட்டாதேங்கறாங்க. சரி சார், எங்க கொட்டணும்னு கேட்டா பதில் இல்லை. இருக்கிற ஒரே நிலையம் 40 கிலோமீட்டர். வீட்டுக்காரங்க ரெண்டாயிரம் ரூபாய்க்கே மூக்கால அழுவாங்க, இதுல போக வர டீசலுக்கு எவன் கொடுப்பான்? கிட்டத்துல இருந்தா கொட்டுவோம், தூரத்துல இருந்தா ஓடைதான். இதுதான் நிலவரம்.

இன்னொண்ணு. பாதி வீட்டுல இருக்கிறது செப்டிக் டேங்கே கிடையாது. நாலு உறையை இறக்கி, அடியில காங்கிரீட் போடாம, மேல ஒரு கல்லை மூடி வச்சிருப்பாங்க. பத்தடியில போர்வெல் இருக்கும். "எங்க டேங்க் இருபது வருஷமா நிரம்பவே இல்லை"ன்னு பெருமையா சொல்வாங்க. எப்படி நிரம்பும்? எல்லாம் போருக்குத்தானே போகுது.

---

மார்த்தாண்டத்துக்காரன்:

எதிர்த்தாலும் திட்டம் நிற்காது என்று யாரும் பயமுறுத்தினால் விளப்பில்சாலையைச் சொல்லுங்கள், எங்களுக்குப் பக்கம்தான். திருவனந்தபுரம் மாநகராட்சி 2000இல் அங்கே குப்பைச் சுத்திகரிப்பு ஆலை தொடங்கியது. நாற்றம், ஊறிய கழிவுநீர், பத்து வருடப் போராட்டம். 2011 டிசம்பரில் பஞ்சாயத்தே போய்ப் பூட்டுப் போட்டது. அடுத்த பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவோடு போலீஸ் வந்தும் ஜனக்கூட்டத்தைத் தாண்ட முடியவில்லை. ஆலை திரும்பத் திறக்கவே இல்லை. அப்புறம்தான் நகரம் தன் குப்பையைத் தன் வார்டிலேயே தொட்டி கட்டி மக்க வைக்கப் படித்தது. ஏரிக்கரையான், உங்கள் நகராட்சியின் 3 ஏக்கர் ஏன் நகராட்சி எல்லைக்குள் கிடைக்கவில்லை என்று முதலில் கேளுங்கள்.

---

செங்கொடி_மலர்:

எல்லாரும் கசடைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கேள்வியில் உள்ள ஒரு வரியைப் பற்றிக் கேட்கிறேன். "நல்ல வேளையாக ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, காலனிக்குப் பக்கம் 300 மீட்டர்." யாருக்கு நல்ல வேளை?

நான் அப்படி ஒரு காலனியில் பிறந்தவள். சுடுகாடு எங்கள் பக்கம், குப்பைமேடு எங்கள் பக்கம், இப்போது இதுவும் எங்கள் பக்கம். இடத்தை வரைபடத்தில் தேடுகிறவருக்கு அங்கே "காலி நிலம்" தெரியும், ஆள் தெரியாது. கட்டி முடித்ததும் படுகையில் இறங்கிச் செதுக்குகிற வேலைக்கு யாரைக் கூப்பிடுவார்கள் என்றும் எனக்குத் தெரியும். தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது, அதற்குப் பிறகும் செத்தவர்கள் எந்தத் தெருவிலிருந்து போனவர்கள் என்று பாருங்கள். ஊர்க் கூட்டம் போட்டீர்களே, அதில் காலனியிலிருந்து எத்தனை பேர் பேசினார்கள்? மறியலுக்கு மட்டும் வண்டி வைத்துக் கூப்பிடுவீர்கள் என்றால் அவர்கள் வர வேண்டிய அவசியம் இல்லை.

---

ஏரிக்கரையான்:

மலர் அக்கா, பதில் சொல்ல இரண்டு நாள் ஆகிவிட்டது. அந்த வரியை மாற்றலாம் என்று பார்த்தேன், அப்புறம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கூட்டத்தில் காலனிக்காரர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நேற்று சாயங்காலம் நானும் இன்னொரு பையனும் அங்கே போனோம். ஒரு பாட்டி சொன்னது: "எங்க கைப்பம்பு தண்ணி இப்பவே நுரைக்குது, நீங்க இன்னிக்குத்தான் வர்றீங்க." பம்புக்குப் பின்னால் ஓடை. அங்கே போய் நின்றால், டேங்கர் மாமா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. ஹோஸ் இழுத்த தடம், கறுப்பாக ஒரு திட்டு, பால் கவர்கள், அதன் நடுவே இடுப்பளவு தக்காளிச் செடிகள். காய்த்திருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நம்ம டேங்க்கைப் போன வருடம் எடுத்தோமே, லோடு எங்கே போனது என்று கேட்டேன். "அது எதுக்கு உனக்கு, சாப்பிடு" என்றார்.

கல்வாழை சார், மறியலைத் தள்ளி வைக்கப் பேசியிருக்கிறோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் என்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தாருங்களேன்.

---

கல்வாழை:

முதலில் ஒன்று. கிராம சபைத் தீர்மானம் மட்டும் திட்டத்தை நிறுத்திவிடாது. ஆனால் நாளைக்கு நீதிமன்றம் போனால் கையில் இருக்கும் காகிதம் அதுதான். கோரம், அதாவது சபைக்குக் குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சி என்றால் 100 பேர் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக் குறைந்தால் தீர்மானமே செல்லாது என்று சொல்லிவிடுவார்கள்.

கேட்க வேண்டியவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது தண்ணீர். கல் நடுவதற்கு முன்னாலேயே காலனிக் கைப்பம்பு உட்படச் சுற்றியுள்ள கிணறு, போர் எல்லாவற்றிலும் தண்ணீர் எடுத்து மாவட்டக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, நைட்ரேட்டும் கிருமியும் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பின்னால் கெட்டது என்று சொல்ல இப்போதைய கணக்கு வேண்டும். அதில்லாமல் தோற்றுப்போன ஊர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் நாளுக்கு இத்தனை லாரிதான் என்று எண்ணைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள், பகலில் மட்டும், ஊர்த் தெரு வழியாக அல்ல. கூரை. லாரிப் பதிவேட்டை ஊராட்சி ஆள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது. காலனியின் டேங்க்குகளை நகராட்சி செலவில் எடுக்க வேண்டும் என்பதையும் சேருங்கள், சண்டை போட்டால்தான் கிடைக்கும். வேலைக்கு எடுப்பவர்களுக்குக் கையுறை, பூட்ஸ், மாதச் சம்பளம், ஒப்பந்தக்காரர் பெயர், எல்லாம்.

இடத்தை மாற்றச் சொல்வதானால் "நாறும்" என்று எழுதாதீர்கள். மேய்க்கால் என்று அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) இருக்கிறதா, வகைமாற்றம் செய்தார்களா, ஓடையிலிருந்து எத்தனை மீட்டர், மாற்று இடங்களாக எவற்றைப் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். பொது நிலங்களைக் காக்க வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னது உங்களுக்கு உதவும். "பூங்கா" என்று சொன்னதையும் பெரியப்பா வாயால் சபையில் பதிவு செய்ய வையுங்கள்.

---

டேங்கர்_மாமா:

தீர்மானத்துல ராத்திரி ஓடையில கொட்டுற லாரி நம்பரையும் எழுதிப் போடுங்க தம்பி. என்னோடது இருந்தாலும் சரி.

---

ஏரிக்கரையான்:

மாமா, உங்கள் ஊர் எது என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (அனுமதி) வாங்கினார்களா என்று தகவல் உரிமையில் கேட்க வேண்டும். யாருக்கு எழுதுவது?

---

கல்வாழை:

மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம், பொதுத் தகவல் அலுவலர். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள், ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாள் கெடு, ஆகஸ்ட் 15க்கு முன் பதில் வேண்டுமென்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.