மகால் தூண்கள் சாய்கின்றன, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். போன ஞாயிறு மதுரை திருமலை நாயக்கர் மகாலில் இரண்டு மணி நேரம் படம் எடுத்தேன். 1636-இல் கட்டிய அந்தத் தூண்வரிசையை நேரில் பார்த்தால் கண் தானாகவே கடைசி வளைவு வரை ஓடுகிறது. என் படத்தில் அந்த ஓட்டமே இல்லை.

என்னிடம் இருப்பது 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். வளைவின் உச்சி வர வேண்டும் என்று அதிக அகலம் தெரியும் 18-இல் வைத்து கேமராவை மேலே சாய்த்தால், தூண்கள் உள்பக்கம் விழுவது போலத் தெரிகின்றன. லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் நிமிர்த்தினால் ஓரம் வெட்டுப்பட்டு, எனக்குப் பிடித்த அந்த வளைவே போய்விடுகிறது. கேமராவை மட்டமாகப் பிடித்தால் பாதிப் படம் வெறும் தரை.

பின்னால் போய் நின்று, செங்குத்தாகப் பிடித்து, தரையை அப்புறம் வெட்டிவிடலாமா?

இன்னொன்று. நடுவில் நின்று இருபுறமும் சமமாக எடுப்பதா, ஒரு தூணை ஒட்டி நின்று வரிசையைச் சாய்வாக ஓடவிடுவதா? எனக்கு இரண்டாவதுதான் உயிரோட்டமாகப் படுகிறது. ஆனால் அதில் கோடுகள் போய்ச் சேரும் இடம் காலியாக இருக்கிறது. அங்கே ஒரு ஆள் நடந்து வரும்வரை காத்திருக்கலாமா?

அங்கே எடுத்தவர்கள் உங்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவி. வரும் சனிக்கிழமை காலை மறுபடி போகிறேன்.