அப்பா வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ்: பிசியோவும் உதவிக்கு ஆளும் வீட்டுக்கே வரவைப்பது எப்படி?

கார்த்திகை: வணக்கம். அப்பாவுக்குப் பக்கவாதம், இடது கை கால் இன்னும் சரியா வரலை. வெள்ளிக்கிழமை அனுப்பிடுவாங்களாம். நானும் மனைவியும் வேலைக்குப் போறோம். யாரைக் கேட்கணும்னே புரியல. அவசரம்.

பனைமரம்: எந்த நாடு? அப்பா விசிட்டரா, நிரந்தரக் குடியிருப்பு இருக்கா? விசிட்டர்னா இன்சூரன்ஸ் பாலிசியை முதல்ல படிங்க. ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும், வீட்டுப் பராமரிப்பு பெரும்பாலும் இருக்காது.

தென்றல்: உதவிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி வேண்டாம். தினம் ஒரு புது முகம் வரும். தனியா ஒரே ஆளை வையுங்க.

நிலாமுற்றம்: தனியா வச்சா பல நாடுகள்ல சட்டப்படி நீங்கதான் முதலாளி. லீவு, வரி, அவங்களுக்கு அடிபட்டா பொறுப்பு எல்லாம் உங்க தலையில. ஏஜென்சியே மேல். ஆள் வராத நாள்ல மாற்று ஆள் அனுப்பணும்னு ஒப்பந்தத்துல இருக்கான்னு மட்டும் பாருங்க.

தென்றல்: எங்க கேட்டாலும் இன்னொரு இடத்தைக் கைகாட்டுறாங்க. மொழி தெரியாத பெரியவங்க தலையாட்டினா ‘தானே செய்துகொள்வார்’னு எழுதிடறாங்க. மனசு கொதிக்குது.

மருதம்: கொதிப்பு நியாயம்தான், ஆனா வெள்ளி வருது. பல நாடுகள்ல இது ரெண்டு தனி வழி. பிசியோவும் ஆக்குபேஷனல் தெரபியும் (குளிக்க, உடுத்த மாதிரி அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குறது) மருத்துவத் துறை. குளிப்பாட்ட, உடுத்திவிட ஆள் உள்ளாட்சியோட சமூக நலப் பிரிவு. ஒண்ணைக் கேட்டா மற்றது தானா வராது. ஆஸ்பத்திரி வார்டு சோஷியல் வொர்க்கர்கிட்ட நாளைக்கே ரெண்டையும் கேளுங்க.

“சமாளிச்சுக்குவோம்”னு வாய்தவறியும் சொல்லாதீங்க, உதவி நேரம் அதுலதான் குறையும். காலை 8 முதல் மாலை 6 வரை வீட்டுல ஆள் இல்லை, எழுந்திருக்க ஒருத்தர் பிடிக்கணும், ராத்திரி எத்தனை தடவை கழிப்பறை, இப்படிச் சொல்லுங்க. மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேளுங்க. பிள்ளைங்க முன்னாடி கழிப்பறைக் கஷ்டத்தைப் பெரியவங்க மறைப்பாங்க.

கதவு அகலம், கட்டில் உயரம், கழிப்பறை இருக்கை உயரம் அளந்து தெரபிஸ்ட்கிட்ட கொடுங்க. கமோட் நாற்காலி (கட்டில் பக்கத்துலயே வைக்கிற கழிப்பறை நாற்காலி) வீட்டுக்கு வந்து சேராம அப்பாவைக் கூட்டிவராதீங்க. வெள்ளி சாயங்காலம் வந்தா திங்கள் வரை கேட்க ஆள் கிடைக்கிறது கஷ்டம். உறிஞ்சி ஒட்டும் கைப்பிடி உடம்பு எடையைத் தாங்காது, சுவத்துல திருகாணி போட்டதுதான் வேணும். இடது கையைப் பிடிச்சு இழுத்துத் தூக்கினா தோள் மூட்டு நழுவலாம். விழுங்கும் சோதனை முடிஞ்சுதா, உணவு எந்தப் பதத்துலன்னு எழுதி வாங்குங்க.

கார்த்திகை: நிரந்தரக் குடியிருப்பு இருக்கு. சொல்ல மறந்துட்டேன், வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை.

மருதம்: இதைத்தான் முதல்ல சொல்லணும்! படிக்கட்டு ஏற்றிப் பார்க்காம டிஸ்சார்ஜுக்குச் சம்மதிக்காதீங்க. ஏறும்போது நல்ல கால் முன்னால, இறங்கும்போது பலவீனமான கால் முன்னால. பிடிக்கிறவர் ரெண்டு தடவையும் ஒரு படி கீழே நிக்கணும். ஏற முடியலன்னா மறுவாழ்வு வார்டுல படுக்கை கேளுங்க. முதல் பிசியோ வரும் தேதியையும் அந்தக் குழுவோட நேரடி எண்ணையும் டிஸ்சார்ஜ் தாள்லயே எழுதி வாங்குங்க.