443 எண் பைரெக்ஸ் கிண்ணம்: மங்கின வண்ணம் திரும்புமா?

ஒஹாயோவில் இருக்கிறேன். போன சனிக்கிழமை பழைய சாமான் கடையில் 4 டாலருக்கு ஒரு பைரெக்ஸ் பிராண்ட் கண்ணாடிக் கிண்ணம் கிடைத்தது. நீலப்பச்சையும் வெள்ளையுமாக சேவல், சோளக்கதிர், விவசாயித் தம்பதி. இரு பக்கமும் ஊற்ற வசதியாக மூக்கு. அடியில் 443. உள்ளே பளிச்சென்று இருக்கிறது, வெளியேதான் சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரு மங்கல். ஏதாவது செய்ய முடியுமா?

பதில் 1: அது பட்டர்பிரிண்ட், அக்கா! 1957-இல் வந்த டிசைன். 441 முதல் 444 வரை நான்கு சேர்ந்தால் ஒரு செட். துணியில் வினிகர் நனைத்து ஓரமாகத் துடைத்துப் பாருங்கள். மங்கல் போனால் வெறும் உப்புநீர்ப் படிவு. போகவில்லையென்றால் டிஷ்வாஷர் வண்ணத்தைத் தின்றுவிட்டது, திரும்பாது. எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கி விற்பவர்களும் உண்டு, ஏமாறாதீர்கள்.

பதில் 2: அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். வெளிப்பக்கத்தை நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். நான் என்னுடையதில் வாழைப்பழம்தான் வைக்கிறேன்.

கேட்டவர்: துடைத்தேன். சேவல் பக்கம் பளிச்சென்று வந்துவிட்டது, விவசாயி மட்டும் அப்படியே வெளிறி நிற்கிறார். சரி, பரவாயில்லை. 441 யாரிடமாவது கூடுதலாக இருக்கிறதா?