சாரம் (லுங்கி) நெய்த தறியில் பூவேலைக் கம்பளம் நெய்ய முடியுமா?

தெமட்டகொடை நெசவு:
வாப்பா மருதமுனையில் சாரம் நெய்த நான்கு சட்டத் தறியை (நீள நூல்களை ஏற்றி இறக்கும் சட்டம் நான்கு கொண்டது) கொழும்புக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதில் தரைக்கம்பளம் நெய்ய ஆசை. கோடுகள் எளிதாக வருகின்றன. எனக்கு வேண்டியதோ வைரக்கட்டம். நான்கு சட்டத்தில் பூ ஒரே நேர்க்கோட்டில் நின்றுவிடுகிறது, சாய்வாக நகர்வதில்லை. நிறம் மாறும் இடமெல்லாம் கையால் நூலைத் திருப்பினால் ஒரு சாண் வளர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. தறியை மாற்றியமைக்க வழி உண்டா?

மலைநாட்டான்:
கண்டிப் பக்கம் ஹேனவலவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஹண என்ற செடியின் நாரில் தும்பறைப் பாய் நெய்கிறார்கள். யுனெஸ்கோ 2021இல் பட்டியலில் சேர்த்த கலை அது. கையால் இழை தெரிந்து பூ எடுக்கிறார்கள். வேகம் கிடைக்காது, ஆனால் கட்டங்களை அடுக்கும் அழகை அங்கேதான் படிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
வழி உண்டு தம்பி. பீட்டர் கோலிங்வுட் என்ற ஆங்கிலேய நெசவாளர் கம்பளத்துக்கென்றே வளர்த்தெடுத்த முறை அது. நானும் அப்படித்தான் நெய்கிறேன்.

பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலை, மூன்று மூன்று இழையாகப் பிரியுங்கள். முதல் இழை ஒன்றாம் சட்டத்தில், அடுத்தது இரண்டாம் சட்டத்தில். மூன்றாவதுதான் பூ இழை. அதை எந்தச் சட்டத்திலும் நிரந்தரமாகக் கோக்காதீர்கள். தனி நூல் விழுதில் (இழை நுழையும் கண்ணுள்ள நூல் வளையம்) கோத்து, விழுதின் நுனியில் கம்பிக் கொக்கி வையுங்கள். கொக்கியை மூன்றாம் சட்டத்தில் மாட்டினால் அங்கே சிவப்பு தெரியும், நான்காம் சட்டத்துக்கு மாற்றினால் கறுப்பு. ஒவ்வொரு கொக்கியாக மாற்றிக்கொண்டே போனால் வைரத்தின் ஓரம் தானாகச் சாய்ந்து ஏறும். நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடம்) கரையிலிருந்து கரைக்கு ஒரே ஓட்டமாக ஓடும். மிதி வரிசை (எந்த இரண்டு சட்டத்தைச் சேர்த்து மிதித்து எந்த நிறத்தை ஓட்டுவது): 1-3 சிவப்பு, 1-4 கறுப்பு, 2-3 சிவப்பு, 2-4 கறுப்பு. அடிப்பக்கத்தில் நிறங்கள் இடம் மாறிய அதே பூ கிடைக்கும். முதல் வைரம் மூடும்போது வரும் மகிழ்ச்சியை எழுதிக் காட்ட முடியாது!

கொக்கிகளுக்கு முன் தறியின் உடம்பைக் கவனியுங்கள். சாரத் தறி மெலிந்தது. கம்பளத்தில் பாவு முழுதும் மறைய ஊடை (குறுக்கு நூல்) இறங்க வேண்டும். அதற்கு அடி பலமாக விழ வேண்டும். ஊடையை அடிக்கும் பலகையின் அடியில் இரும்புப் பட்டை பூட்டுங்கள், தறிக்காலைத் தரையோடு இறுக்குங்கள். பாவுக்குத் தடித்த முறுக்குப் பருத்தி, அங்குலத்துக்கு ஐந்து ஆறு இழை போதும். அச்சில் (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) பல் விட்டுவிட்டுக் கோத்துக்கொள்ளுங்கள். ஊடையை நேராக இழுக்காமல் வில்லாக வளைத்துப் போட்டு அடித்தால் கரை உள்ளே ஒடுங்காது.

ஒரு கேள்வி: மிதித்தால் சட்டம் ஏறுமா, இறங்குமா?

தெமட்டகொடை நெசவு:
இறங்கும் அக்கா. ஊடைக்குப் புறக்கோட்டையில் கிலோக் கணக்கில் விற்கும் ஆடைத் தொழிற்சாலைத் துண்டுகள் ஆகுமா?

கொட்டாஞ்சேனை அக்கா:
இறங்குமென்றால் கொக்கி மேலும் கீழும் இரண்டு வேண்டும். மேலே மட்டும் மாட்டினால் சட்டம் இறங்கும்போது பூ இழை நடுவிலேயே நின்று நாடாவை மறிக்கும்.

துண்டுகள் தாராளமாக ஆகும். டீஷர்ட் துணியையும் சட்டைத் துணியையும் ஒரே கம்பளத்தில் கலக்காதீர்கள். ஒன்று இழுபடும், மற்றது இழுபடாது. தறியை விட்டு இறக்கியதும் விரிப்பு நெளிந்துவிடும். மழை நாளில் பருத்திப் பாவின் இறுக்கம் மாறும், உட்காரும்போதெல்லாம் கையால் தட்டிப் பாருங்கள். முதலில் கால்மிதி அகலத்தில் ஒன்று நெய்து படம் போடுங்கள் தம்பி, கரையைப் பார்த்துச் சொல்கிறேன்.