உளவியல் சிகிச்சை அமர்வுகளுக்குக் காப்பீட்டில் வரம்பு: வழி உண்டா?

கேள்வி

வணக்கம். என் மனைவிக்கு ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) இருப்பதாக உறுதிசெய்த மனநல மருத்துவர், மாத்திரைகளுடன் வாரம் ஒருமுறை உளவியலாளரிடம் சிகிச்சை பெறவும் எழுதிக் கொடுத்தார். பூட்டிய கதவைக் கைப்பேசியில் படம் பிடித்து, அதை வழியெல்லாம் எடுத்தெடுத்துப் பார்த்தவர், இப்போது பூட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் பேருந்து ஏறுகிறார். ஆனால், என் அலுவலகக் குழுக் காப்பீடு புறநோயாளிப் பிரிவில் ஆண்டுக்கு 8 அமர்வுகளுக்கு மட்டுமே பணம் தருகிறது, அது முடிந்துவிட்டது. உடல்நோய்க்கும் மனநோய்க்கும் காப்பீட்டில் வேறுபாடு கூடாது என்று சட்டம் இருக்கும்போது இந்த வரம்பு செல்லுமா?

மறுமொழி 1

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21(4)ஆம் பிரிவைத்தான் குறிப்பிடுகிறீர்கள். உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்பதே அதன் சாரம். எல்லா அமர்வுகளுக்கும் பணம் தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆகவே, உங்கள் பாலிசியில் பிசியோதெரபிக்கும் இதே போன்ற எண்ணிக்கை வரம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கு இல்லாமல் மனநலத்துக்கு மட்டும் இருந்தால், உங்கள் வாதத்துக்கு வலு உண்டு. புறநோயாளிச் செலவு முழுவதற்கும் ஒரே வரம்பு என்றால், சட்டத்தை மட்டும் நம்பிப் பயனில்லை.

மறுமொழி 2

மறுப்பை, எந்த விதியின்படி என்ற விவரத்துடன், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரசீதில் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் இருந்தால் பொதுவான நலவாழ்வுச் சேவை என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. நோயின் பெயர், மருத்துவரின் பரிந்துரை, உளவியலாளரின் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் ஆகியவை இருக்கட்டும். காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை (ஆம்புட்ஸ்மேன்) அணுகலாம். குழுக் காப்பீட்டுப் புகார்களையும் அவர் விசாரிப்பார். கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை.

மறுமொழி 3

புகார் முடியும்வரை சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். துணைவியார் இவ்வளவு தேறியிருக்கும்போது, பணநிலையை உளவியலாளரிடம் மறைக்காமல் சொன்னால், இரு வாரங்களுக்கு ஒருமுறையாக மாற்றி, இடைப்பட்ட நாள்களுக்கு வீட்டுப் பயிற்சிகளைத் திட்டமிட்டுத் தர முடியுமா என்று அவர் பார்ப்பார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் விசாரிக்கலாம். டெலிமானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 அவசரத்துக்கு உதவும். வாராந்திரச் சிகிச்சைக்கு அது மாற்றாகாது.

இன்னொன்று: குழுக் காப்பீட்டின் விதிகளை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது பேசி முடிவு செய்வது உங்கள் நிறுவனமே. நோயின் பெயரைச் சொல்லாமலேயே, இந்த வரம்பை உயர்த்துமாறு மனிதவளத் துறைக்கு இப்போதே எழுதி வையுங்கள்.