மலையகத்து அருவி, காடு, நடை பற்றிப் பத்திரிகைக்கு எழுதுவோர்: அனுபவப் பகிர்வு

தலவாக்கலையிலிருந்து:
அருவியின் உயரத்தை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். எந்த மாதம், எத்தனை மணிக்குப் பார்த்தது என்பதுதான் வாசகருக்கு முக்கியம். டெவோன் அருவி 97 மீட்டர், சென்கிளேயர் அருவி 80 மீட்டர். இரண்டையும் ஹட்டன் – நுவரெலியா வீதியிலிருந்தே பார்க்கலாம். ஆனால் மேல் கொத்மலை அணை வந்த பிறகு சென்கிளேயரில் பழைய ஓட்டம் இல்லை. அணையிலிருந்து விடுகிற அளவுதான் விழுகிறது. ஆடி மழையில் எடுத்த குறிப்பை மாசியில் அச்சேற்றினால், பிள்ளைகுட்டியோடு பஸ் ஏறி வருகிறவர் பாறையைத்தான் பார்த்துவிட்டுப் போவார்.

தோட்டத்துப் பெயரையும் இரண்டு விதமாகப் போடுங்கள். போர்டில் ஒரு பெயர் இருக்கும், கொழுந்தெடுக்கிறவர்கள் வாயில் இருப்பது வேறு தமிழ்ப் பெயர். வழி கேட்கும்போது இரண்டாவதுதான் உதவும். ‘பீலிக்கரையைத் தாண்டி, மேட்டு லயத்துக்குப் பின்னால் ஏறும் ஒற்றையடிப் பாதை’ (பீலிக்கரை என்றால் தண்ணீர் பிடிக்கிற இடம், லயம் என்றால் தொழிலாளர் வரிசை வீடு) என்று எழுதினால் யாரும் வழி தவற மாட்டார்கள். தேயிலை மலைக்கு மருந்தடிக்கிற நாளா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பட்டிப்பொலையிலிருந்து:
அண்ணன் சொன்னது சரி. ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்களுக்கு இன்னும் சில. பேனா வேண்டாம், மூடுபனியில் தாள் நமுத்து மை பரவிவிடும். பென்சிலும் கெட்டி அட்டைக் கொப்பியும் போதும். கொப்பியைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோனால் வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள், ஆகவே ரெக்சின் பை நல்லது. சுற்றுப் பாதை கிட்டத்தட்ட 9.5 கிலோமீட்டர். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தைப் பனி மூடிவிடும் என்பதால் முதலில் உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளம், பிறகுதான் பேக்கர் அருவி. குளிரிலிருந்து வேனுக்குள் ஏறியதும் கெமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் கோக்கும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.

அங்கே புல்வெளியில் நிற்பது மரை, அதாவது கடமான். பத்திரிகைக் காரியாலயத்தில் அதை ‘மான்’ என்று திருத்திவிடுவார்கள். கட்டுரையோடு ஒரு வரி எழுதி அனுப்பினால் தப்பும்.

நுவரெலியாவிலிருந்து:
ஒன்று மட்டும். கொம்பு ஓணானைக் கண்ட மரத்தையோ பாதை வளைவையோ எழுதாதீர்கள். பிடித்து வெளிநாட்டுக்கு விற்கிறவர்களும் பத்திரிகை வாசிக்கிறார்கள். 2019இல் இந்த ஓணான்களை சைட்டிஸ் (அழியக்கூடிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் சேர்த்ததே அதனால்தான். ‘நுவரெலியா மாவட்டத்துக் காடு’ என்றால் போதும். போனில் எடுத்த படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்திருக்கலாம், அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.